வகையிடாமலே உச்சம் தொடலாம்

கையில் 40 மீட்டர் கம்பிவேலி இருக்கிறது. செவ்வக வடிவில் ஒரு தோட்டத்தை வளைக்க வேண்டும். உள்ளே அடைபடும் நிலம் முடிந்த மட்டும் அதிகமாக இருக்க வேண்டும். பிளஸ் டூ படிப்பவரிடம் கேட்டால் வகையிடுவார் (பக்கம் மாறும்போது பரப்பு மாறும் வீதத்தைக் கணக்கிடுவார்), அதைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துவார், பக்கம் 10 மீட்டர் என்பார். விடை சரிதான். ஏன் 10 என்று கேட்டால், அதே இரண்டு வரியைத் திரும்ப எழுதிக் காட்டுபவர்களே அதிகம்.

இதற்கு உயர்நிலைப் பள்ளி இயற்கணிதமே போதும். நீளமும் அகலமும் சேர்ந்து 20. ஒரு பக்கம் 10-க்கு மேல் 'அ' அளவு கூடினால், அடுத்த பக்கம் அதே அளவு குறைந்தாக வேண்டும். பரப்பு:

(10 + அ)(10 − அ) = 100 − அ²

அ² ஒருநாளும் மைனஸில் போகாது. ஆகவே 100-ஐத் தாண்ட வழியே இல்லை. அ பூச்சியமானால் 100, அதாவது சதுரம். விடை மட்டுமல்ல, விடையிலிருந்து விலகினால் என்ன நட்டம் என்பதும் இந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. 1 மீட்டர் பிசகினால் 1 சதுர மீட்டர் போகும். 10 சென்டிமீட்டர் பிசகினால் போவது வெறும் 0.01 சதுர மீட்டர், உள்ளங்கை அகல நிலம்.

உச்சத்தை ஒட்டி நட்டம் இப்படிச் சிறிதாவதை வானியலாளர் கெப்ளரும் கவனித்தார். 1613-இல் இரண்டாம் திருமணம் செய்துகொண்ட அவர், வீட்டுக்கு ஒயின் பீப்பாய்கள் வாங்கினார். வியாபாரி ஒரு கோலைத் துளை வழியே சாய்வாக விட்டு, நனைந்த நீளத்தை மட்டும் பார்த்து விலை சொன்னார். சந்தேகப்பட்டுக் கணக்குப் போடத் தொடங்கிய கெப்ளர், 1615-இல் அதை நூலாகவே வெளியிட்டார். உச்சத்தை ஒட்டிய இடத்தில் அளவுகள் சற்று மாறினாலும் கொள்ளளவு மாறுவதே தெரியாது என்று அதில் கவனித்துச் சொன்னார். வகைக்கெழு, அதாவது வகையிட்டுக் கிடைக்கும் மாறும் வீதம், பூச்சியம் என்பதன் பொருள் அதுதான். அதை 100 − அ² வழியே பார்த்துவிட்ட மாணவருக்குப் பிறகு சூத்திரம் புதிராக இராது.

இனி வேலியின் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே மதில் இருக்கிறது என்று வையுங்கள். அதே 40 மீட்டரில் மற்ற மூன்று பக்கம் அடைத்தால் போதும். வகுப்பில் பலரும் யோசிக்காமல் மறுபடி சதுரம் என்பார்கள். மதிலைக் கண்ணாடியாக நினைத்துக்கொண்டால், தோட்டமும் அதன் பிம்பமும் சேர்ந்து 80 மீட்டர் வேலி போட்ட முழுச் செவ்வகம். அதற்கு உச்சம் 20க்கு 20 சதுரம். அதில் பாதி நம்முடையது. 20க்கு 10, பரப்பு 200. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி மிகக் குறுகிய வழியில் போகிறது என்று பண்டைய கணித அறிஞர் அலெக்சாந்திரியாவின் ஹெரான் காட்டியதும் இப்படிப் பிம்பத்தை வைத்துத்தான்.

அடுத்தது, பாடநூல்கள் விடாமல் கேட்கும் பெட்டிக் கணக்கு. 18 செ.மீ. சதுர அட்டையின் நான்கு மூலையிலும் 'க' பக்கமுள்ள சதுரத்தை வெட்டி மடித்தால் மூடியில்லாப் பெட்டி. கன அளவு க(18 − 2க)(18 − 2க). கூட்டுத்தொகை மாறாத மூன்று எண்கள் சமமானால் பெருக்கல் உச்சம் பெறும்: எவையேனும் இரண்டு சமமாக இல்லையென்றால், இரண்டுக்கும் பதில் அவற்றின் சராசரியைப் போட்டால் பெருக்கல் ஏறிவிடுமே. (உச்சம் என்று ஒன்று உண்டு என்பதை இங்கே நம்பிவிட்டோம். அந்த ஓட்டையும் கூடாது என்பவர்களுக்கு 1821-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி தந்த நிறுவல் இருக்கிறது.)

நம் மூன்று எண்களின் கூட்டுத்தொகை க-வைப் பொறுத்து மாறுகிறது. முதல் எண்ணை 4க என்று ஆக்கினால் கூட்டுத்தொகை எப்போதும் 36; பெருக்கல் நான்கு மடங்காகுமே தவிர, உச்சம் வரும் இடம் மாறாது. ஆகவே ஒவ்வொன்றும் 12; க = 3; கன அளவு 432. மூலையில் 2 செ.மீ. வெட்டினால் 392, 4 வெட்டினால் 400. எந்தக் கணக்கிலும் மாணவர் தேட வேண்டியது, எது மாறாமல் நிற்கிறது, நிற்காவிட்டால் எதைப் பெருக்கி நிறுத்தலாம் என்பதை.

அட்டை 24க்கு 15 என்றால் இந்த உத்தி திணறும். 6க, 24 − 2க, 2(15 − 2க) என்று எழுதினால் கூட்டுத்தொகை 54; ஒவ்வொன்றும் 18; மறுபடி க = 3. ஆனால் அந்த 6-ம் 2-ம் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், விடையைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் போட்டவை என்பதே நேர்மையான பதில். இங்கே வகையிடுவதுதான் வசதி: க² − 13க + 30 = 0 என்று வரும், க 3 அல்லது 10. 15 செ.மீ. பக்கத்தில் இரு முனையிலும் 10 வெட்ட அட்டை ஏது?