முடக்குதல் அல்ல, கழித்தல்

எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நடந்த கணினி வகுப்பின் கையேட்டில் மறுபடியும் அதே தொடர்: "சிறு கருவிகளுக்காக இயங்குதளத்தின் பிணைய வசதிகளை முடக்குதல்." எத்தனை முறைதான் பொறுப்பது?

இங்கே 'முடக்குதல்' என்று பெயர்த்திருக்கும் ஆங்கிலச் சொல் 'டிரிம்'. பழைய ஆங்கிலத்தில் உறுதிப்படுத்துதல், ஒழுங்காக்குதல் என்ற பொருளில் இருந்தது. நறுக்கிச் சீராக்குதல் பின்னால் வந்த பொருள். வேர் பற்றி இவ்வளவு போதும்.

நம் 'முடக்கு' முடம், முடவன், முடங்கல் ஆகியவற்றின் உறவு. முடக்கியது இயங்காது, ஆனால் இருக்கும். வங்கிக் கணக்கை முடக்கினால் கணக்கு அழிந்துவிடுவதில்லை. சிங்கப்பூரின் மூவறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மடக்கிச் சாத்திய கட்டிலும் இடத்தை அடைக்கத்தான் செய்கிறது. சிறு கருவியில் சிக்கலே நினைவக இடம்தானே! லினக்ஸ் இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஐபிவி6 என்னும் இணைய முகவரி வசதியை ஒரு கட்டளையால் நிறுத்தலாம், அதுவே முடக்குதல். அதன் நிரல், நினைவகத்தில் அப்படியே கிடக்கும். இயங்குதளத்தின் கருவான கெர்னலைத் தொகுக்கும் (நிரலை இயங்கும் வடிவாக்கும்) முன்பே ஐபிவி6 வேண்டாம், தரவுப் பொதிகளை வடிகட்டும் நெட்ஃபில்டர் வேண்டாம் என்று குறித்துவிட்டால் அந்த நிரல் உள்ளே வருவதே இல்லை. இது வேறு வேலை. லினக்ஸ் கொள்ளாத கருவிகளுக்காக ஆடம் டங்கல்ஸ் உருவாக்கிய எல்டபிள்யூஐபி என்னும் சிறு பிணைய மென்பொருள் சுமார் 40 கிலோபைட் நிரலிடத்தில் அடங்கும். அதிலும், தரவு தவறாமல் போய்ச்சேரப் பார்க்கும் டிசிபி தேவையில்லையென்றால் விட்டுவிட்டுத் தொகுக்கலாம். கையேட்டை நம்பும் மாணவன் கட்டளையைத் தட்டிவிட்டு, இடம் ஏன் மிஞ்சவில்லை என்று விழிப்பான். பிழை அவனுடையதா?

'களைதல்' என்பாரும் உண்டு. களை வேண்டாத பயிர், ஐபிவி6 களையா? 'கத்தரித்தல்' பரவாயில்லை, ஆனால் நுனியை மட்டும் வெட்டுவதுபோல் ஒலிக்கிறது. கருவியைத் திறந்தே பாராமல் அகராதியை மட்டும் திறக்கும் மொழிபெயர்ப்பாளர்களால் வரும் வினை இது.

என் சொல் 'கழித்தல்'. நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் கிளை கழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழித்த கிளை லாரியில் போய்விடும், மரம் நிற்கும். அந்தக் கிளைமேல் குற்றம் ஒன்றுமில்லை, அந்த இடத்துக்கு அது மிகை, அவ்வளவுதான். ஆகவே 'பிணைய வசதிக் கழிப்பு' என்று எழுதலாம்.

கணக்குப் பாடத்துக் கழித்தலோடு மாணவர்கள் குழப்பிக்கொள்வார்கள் என்றார் வகுப்பாசிரியர். கழித்த எண் விடையில் இராது என்பது தொடக்கநிலைப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு வேண்டிய பொருளும் அதுவே.