பனித்துளியா, பனிச்செதிலா?

வானிலிருந்து மெல்ல விழும் வெண்பனித் துண்டான ‘ஸ்னோஃப்ளேக்’ என்பதைப் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லும்போது ‘பனித்துளி’ என்று எழுதுவதுண்டு. அழகான சொல்தான். ஆனால் அறிவியல் பாடத்துக்கு அது ஆகாது. பனித்துளி என்றால் காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்.

‘பனி’ என்ற சொல்லே பல பொருள் கொண்டது. பனித்தல் என்றால் நடுங்குதல். ‘பசந்து பனிவாரும் கண்’ என்ற குறளில் பனி என்பது கண்ணீர். முன்பனி, பின்பனிக் காலங்களில் நம் சமவெளியில் இறங்குவதோ ஈரமும் மூடுபனியும். வானிலிருந்து வெண்மையாகப் பொழிவதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறோம். ஊட்டியில் இதைக் கொஞ்சம் பிரித்தே பேசுகிறார்கள்: நீர்ப்பனி வேறு, உறைபனி வேறு. அந்த உறைபனியும் மேலிருந்து விழுவதில்லை, புல்லின் மேலேயே உருவாகிறது.

அப்போது மேலிருந்து விழுவது என்ன? மேகத்தில் தூசியோடு சேர்ந்து உறைந்த நுண்துளி ஒன்று கருவாக அமைகிறது. சுற்றியுள்ள நீராவி நீராக மாறாமலே, நேரடியாகப் பனிக்கட்டியாக அதன்மேல் படிந்து வளர்கிறது. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அமைவதால்தான் அந்தப் படிகத்துக்கு ஆறு கைகள். மழைத்துளி விழும் வழியில் உறைந்தால் இந்த வடிவம் வராது, வெறும் பனிமணிதான் கிடைக்கும். ‘துளி’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளையின் மனதில் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும்.

வடிவத்தை முடிவு செய்வது குளிரும் ஈரமும். மைனஸ் 5 டிகிரி செல்சியஸ் வாக்கில் ஊசிகள், ஈரம் மிகுந்த மைனஸ் 15 வாக்கில் கிளைவிட்ட விண்மீன்கள். ஜப்பானிய அறிவியலாளர் உகிச்சிரோ நகாயா 1936-இல் ஆய்வகத்திலேயே, ஒரு முயல் ரோமத்தின் நுனியில், இப்படியொரு படிகத்தை வளர்த்துக் காட்டினார். பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்ல விரும்பும் கதை இதுதான்.

சரி, எந்தச் சொல்? ஒற்றையாக வளர்ந்ததற்குப் பனிப்படிகம் பொருத்தம். படிகம் என்பது ஸ்படிகத்திலிருந்து வந்து நம் பாடநூல்களில் ஊறிவிட்ட சொல். பல படிகங்கள் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்குவதற்குப் பனிச்செதில் என்பேன். ‘ஃப்ளேக்’ என்பதும் செதில்போல் உதிரும் மெல்லிய துண்டுதானே.

வகுப்பில் காகிதத்தில் வெட்டும்போது வழக்கம்போல் நான்காக மடித்தால் நான்கு கைகள் வந்து நிற்கும். ஒருமுறை பாதியாக மடித்து, அப்புறம் அதை மடிப்பின் நடுப்புள்ளியைச் சுற்றி மூன்று சம பங்காக மடித்து வெட்டச் சொல்லுங்கள். விரித்தால் ஆறு கைகள் இருக்கும்.