சபைக் கணக்கை அரசு எதுவரை கேட்கலாம்?

நான் தணிக்கைக்குப் போகும் கிறிஸ்தவ சபைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "காணிக்கை ஆண்டவருக்குக் கொடுத்தது. அதற்கு ஏன் சார் அரசுக்குக் கணக்கு காட்டணும்?" கேட்பவர்கள் பெரும்பாலும் நேர்மையான மனிதர்கள். ஆனாலும் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

அரசியலமைப்பின் 26-வது பிரிவு, மத விவகாரங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமையை மதப்பிரிவுகளுக்குத் தருகிறது. சொத்து நிர்வாகத்தை மட்டும் 'சட்டப்படி' செய்யச் சொல்கிறது. 1954-இல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அந்த உரிமையை முழுவதுமாகப் பறித்து வேறொரு அமைப்பிடம் கொடுக்கக் கூடாது. ஆகவே யாரை ஆயராக்குவது, ஆராதனையை எப்படி நடத்துவது என்பதில் அரசுக்கு வேலையில்லை. வரவு செலவைக் கேட்பது மட்டும் மதத்தில் தலையிடுவது ஆகாது.

அதிகம் சிக்கிக்கொள்வது வெளிநாட்டுப் பணத்தில்தான். எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கவே கூடாது. துபாயில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன், இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சம்பளத்தில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை இல்லை. அவருடைய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் கதை வேறு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. கார்டு இருந்தாலும், விடுமுறைக்கு வந்தபோது ரூபாய் நோட்டாகவே பொருளாளர் கையில் கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். பல பொருளாளர்களுக்கு இது தெரிவதில்லை. ரசீதில் குடியுரிமைக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள்.

சரி, அரசு செய்வதெல்லாம் நியாயமா? இல்லை. எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 திருத்தம், வெளிநாட்டுப் பணத்தில் செய்யும் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. வந்த பணத்தை, பதிவு பெற்ற இன்னொரு அமைப்புக்குக்கூடக் கைமாற்றக் கூடாது என்றது. பெரிய அமைப்புகள் மூலம் உதவி பெற்றுவந்த சிறு விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அந்த வழி அடைபட்டது. 2022-இல் நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே அரசுக்குக் கணக்கு காட்டுகிறவர்கள். முறைகேட்டைப் பிடிக்க அது போதாதா?

கேரளத்தில் 2019-இல் சபைச் சொத்துகளுக்குத் தனிச் சட்ட வரைவு வந்தது. சபைத் தலைவர்கள் கடுமையாக எதிர்த்ததால் அரசு அதைக் கைவிட்டது. ஆனால் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று கேட்டவர்களில் விசுவாசிகளும் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தங்கள் சபையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காதபோதுதான் இப்படி வெளியே போகிறார்கள்.

சபைக்குள்ளேயே பதில் சொல்லப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் உறவினரல்லாத இருவர் சேர்ந்து காணிக்கையை எண்ணட்டும். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, சில்லறை எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். அதிலிருந்து செலவுக்கு எடுக்காமல் முழுத்தொகையையும் மறுநாளே வங்கியில் கட்டுங்கள். அப்புறம், அந்தச் சலானை அதே தாளோடு பின் செய்து வையுங்கள். ஆண்டுக் கூட்டத்தில் யார் கேட்டாலும் அந்தக் கோப்பை எடுத்துக் காட்டலாம்.