நிலையை மாற்றினால் ஆர்டர் தேதியும் மாறுகிறதா?

ஆர்டரின் நிலையை 'அனுப்பியாச்சு' என்று மாற்றியதும், ஆர்டர் வந்த தேதியும் இன்றைய தேதியாகிவிடுகிறது. புரோகிராமில் அந்தத் தேதியைத் தொடும் வரியே இல்லை. மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் பழைய டேபிள்களில் இது சகஜம்.

கோளாறு டேபிளை உருவாக்கும்போதே நுழைந்துவிட்டது. டைம்ஸ்டாம்ப் (தேதி-நேரம்) வகை ஃபீல்டுக்கு டீஃபால்ட் (மதிப்பு தராதபோது போடும் மதிப்பு), நல் (காலியாக விடலாமா என்பது) எதுவும் எழுதாமல் விட்டால், டேபிளில் முதலாவதாக வரும் அப்படிப்பட்ட ஃபீல்டுக்கு 'ஆன் அப்டேட் கரண்ட் டைம்ஸ்டாம்ப்' (ரெக்கார்டு மாறும்போதெல்லாம் அப்போதைய நேரத்தை எழுது) என்பதை மைஎஸ்க்யூஎல் தானாகவே ஒட்டிவிடும். 8.0-வில் இந்தப் பழக்கம் டீஃபால்ட்டாக நிறுத்தப்பட்டது. ஆனால் பழைய பதிப்பில் பிறந்த டேபிள், அப்கிரேடுக்குப் பிறகும் அந்த ஒட்டுடன்தான் இருக்கும். 'ஷோ கிரியேட் டேபிள்' கொடுத்துப் பாருங்கள். ஒட்டு தெரிந்தால், ஆல்டர் டேபிளில் 'மாடிஃபை' போட்டு, டீஃபால்ட்டை மட்டும் வெளிப்படையாக எழுதி ஆன் அப்டேட்டை விட்டுவிடுங்கள். ஏற்கெனவே அழிந்த தேதிகளுக்கு பேக்கப்தான் கதி. பின்லாக் (மாற்றங்களைப் பதியும் ஃபைல்) ரோ வடிவில், அதாவது மாறிய ரெக்கார்டையே பதியும் விதத்தில், முழு இமேஜுடன் ஓடியிருந்தால் பழைய மதிப்பை அதிலிருந்தும் எடுக்கலாம்.

இதே மாடிஃபை எதிர்ப்பக்கமும் வெட்டும். கடைசியாக மாற்றிய நேரத்தைக் காட்டும் ஃபீல்டில் வெறும் கமென்ட் சேர்க்கப் போய், ஆன் அப்டேட்டைத் திரும்ப எழுத மறந்தால் அது சத்தமில்லாமல் போய்விடும். எர்ரரும் வராது.

பழைய டேட்டாவை மொத்தமாகத் திருத்தும்போது, அந்த ஃபீல்டுக்கு அதன் மதிப்பையே செட் செய்யுங்கள். இல்லையென்றால் எல்லா ரெக்கார்டும் இன்று மாறியதாகக் காட்டும். இருந்த மதிப்பையே மறுபடி எழுதும் அப்டேட்டில் நேரம் நகராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் இந்த ஆன் அப்டேட் கிடையாது. அப்டேட்டுக்குச் சற்று முன் தானாக ஓடும் பிஃபோர் அப்டேட் டிரிகர் எழுத வேண்டும். அதில் நவ் ஃபங்ஷன் தருவது டிரான்சாக்ஷன் (ஒன்றாகச் சேர்த்துச் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) தொடங்கிய நேரம், அது முடிந்த நேரம் அல்ல.

'கடைசியாகப் படித்த நேரத்துக்குப் பிறகு மாறியவை' என்று கேட்டு டேட்டாவை வேறிடத்துக்கு நகலெடுக்கும் சிங்க் ஜாப்தான் இதில் அதிகம் அடிபடும். 11:00:00-க்கு ஒரு ரெக்கார்டு மாறுகிறது, கமிட் (மாற்றம் மற்றவர்களுக்குத் தெரியும்படி உறுதியாவது) 11:00:40-க்கு. இடையில் 11:00:30-க்கு ஓடும் ஜாப் அதைப் பார்க்காது. அடுத்த முறை 11:00:30-க்குப் பிந்தியவற்றை மட்டும் கேட்பதால், அந்த ரெக்கார்டு அடுத்த முறை மாறும்வரை சிக்கவே சிக்காது. ஜாப் ஒவ்வொரு முறையும் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் படிக்கட்டும். உங்கள் மிக நீண்ட டிரான்சாக்ஷனைவிட அந்த இடைவெளி பெரிதாக இருக்க வேண்டும். இரட்டிப்பாக வருபவற்றை பிரைமரி கீ (ரெக்கார்டின் தனி அடையாளம்) வைத்து அதே ரெக்கார்டின் மேலேயே எழுதிக்கொள்ளலாம். டிலீட் ஆனவை இந்த வழியில் தெரியவே தெரியாது. அவற்றுக்குத் தனி ஃபீல்டில் அழித்த நேரத்தைக் குறித்து, ரெக்கார்டை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

புது டேபிளாக இருந்தால் வகையையும் யோசியுங்கள். மைஎஸ்க்யூஎல் டைம்ஸ்டாம்ப் 2038 ஜனவரி 19-உடன் முடிகிறது. 5.6.5 முதல் டேட்டைம் வகையும் தானாக அப்டேட் ஆகும். ஆனால் டைம்ஸ்டாம்ப் போல அது நேரத்தை டைம்ஸோனுக்கேற்ப மாற்றாது. எல்லா கனெக்ஷனையும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைத்துவிடுங்கள்.