முட்டையைக் காக்கும் ஒற்றைக் கயிறு

மணலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம். அதில் நான்கு முட்டைகள், மணல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு. பக்கத்தில் நின்று குனிந்து தேடினாலும் சட்டென்று கண்ணில் படாது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கடற்கரையில் பைப்பிங் ப்ளவர் கட்டும் கூடு இவ்வளவுதான். நம் கரைகளில் ஓடித் திரியும் சின்னப் பறவைகளான உப்புக்கொத்திகளின் உறவு இது. எடை ஐம்பது, அறுபது கிராம் இருக்கும்.

நரியையும் கடற்காகத்தையும் ஏமாற்றுகிற அந்த நிறமே மனிதர் நடமாடும் இடத்தில் ஆபத்தாகிறது. கண்ணுக்குத் தெரியாத முட்டையைத்தானே மிதித்துவிடுகிறோம். மிதிக்காமல் போனாலும் கேடு உண்டு. ஆள் நெருங்கினால் நம் ஊர் ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே விரட்டும். இந்தப் பறவையோ இறக்கை ஒடிந்ததுபோல மணலில் தத்தளித்து, நம்மைக் கூட்டிலிருந்து தள்ளி அழைத்துப்போகும். அது நடிக்கும் நேரமெல்லாம் முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன. அடைகாப்பது சூடேற்ற மட்டுமல்ல, கோடை நடுப்பகலில் நிழல் கொடுக்கவும்தான். விடுமுறை நாளில் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தால், யாருடைய காலும் படாமலே கரு வெந்துபோகும்.

அதனால்தான் கூட்டைச் சுற்றி, முடிந்தால் 50 மீட்டர் தள்ளி, குச்சிகள் நட்டு ஒரு கயிறு கட்டுகிறார்கள். கூடவே ஓர் அறிவிப்புப் பலகை. அந்தக் கயிற்றை ஒரு குழந்தைகூடத் தாண்டிவிடும். ஆனால் பறவைக்குத் தேவை சுவர் இல்லை, தூரம்தான். எழுந்து ஓட வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு மனிதர் தள்ளி நின்றால் போதும்.

கயிறு நரிக்குப் புரியாதே? அதற்குச் சில இடங்களில் கூட்டின்மேல் கம்பிவலைக் கூண்டு வைக்கிறார்கள். கம்பிகளின் இடைவெளி வழியே ப்ளவர் நடந்து போய்வரும். நரி நுழைய முடியாது. கூட்டிலிருந்து பறக்காமல் தரையில் ஓடியே விலகும் பழக்கம் உள்ள பறவை என்பதால் இது பலிக்கிறது. எழுந்த இடத்திலேயே பறக்கும் ஆலா என்ற கடற்பறவைகளுக்கு இது சரிவராது. ஆனால் கூண்டைக் கண்டால் உள்ளே பறவை இருக்கும் என்று வேட்டையாடிகள் கற்றுக்கொள்வதும் உண்டு. அப்போது முட்டையைக் காக்கப்போய்த் தாயை இழக்க நேரிடும்.

என்னைப் பதறவைப்பது அதற்கு அடுத்த கட்டம். ஏறத்தாழ நான்கு வாரத்தில் பொரிக்கும் குஞ்சு, ஐந்து ரூபாய் நாணயத்தின் எடைதான் இருக்கும். பிறந்த சில மணி நேரத்திலேயே அது கயிற்றைத் தாண்டி ஓடுகிறது. தாய் தகப்பன் இரை ஊட்டுவதில்லை. நீர்விளிம்பிலும் ஒதுங்கிய கடற்பாசியிலும் உள்ள பூச்சி புழுக்களை அதுவேதான் தேடித் தின்ன வேண்டும். வழியில் வண்டிச் சக்கரத் தடம் இருந்தால் அதற்குள் இறங்கி, அதன் போக்கிலேயே நடக்கும். வண்டி வந்தால் ஓடாது. ஆபத்து என்றால் அசையாமல் படுத்துக்கொள்வதுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. ஆகவே குஞ்சுகள் இருக்கும்வரை அந்தப் பகுதியில் வண்டிகளை நிறுத்த வேண்டியிருக்கிறது. கடற்பாசியைக் குப்பை என்று வாரிவிடுவதையும் தள்ளிப்போட வேண்டும். அதுதான் அவற்றின் சாப்பாடு.

1986 இல் இந்தப் பறவை சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தபோது அட்லாண்டிக் கரையில் சுமார் 790 இணைகள் இருந்தன. இப்போது இரண்டாயிரத்துக்கும் மேல். அட்லாண்டிக்கிலிருந்து தள்ளி, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சிகாகோவின் மான்ட்ரோஸ் மணற்கரையில் 2019 இல் மான்ட்டி, ரோஸ் என்று மக்கள் பெயர் வைத்த ஓர் இணை கூடு கட்டியது. அங்கே நடக்கவிருந்த இசைவிழாவே ரத்தானது. இரண்டு சின்னப் பறவைகளுக்காக ஒரு பெருநகரம் விட்டுக்கொடுத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

நம் பக்கத்திலும் இதே கதைக்கு ஆள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் ஓர் உப்புக்கொத்தி தனி இனம் என்று 2023 இல் உறுதியானது. அதற்கு அனுமனின் பெயர். மன்னார்ப் பகுதியில் அதுவும் வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது.

ப்ளவர் குஞ்சுகள் பறக்கப் பழக இன்னும் நான்கைந்து வாரம் ஆகும். கடைசிக் குஞ்சும் எழும்பியதும் குச்சிகளைப் பிடுங்கி, கயிற்றைச் சுருட்டி எடுத்துப் போய்விடுவார்கள்.