சொட்டுகிற கிளாண்டை இறுக்காதீர்கள்

மும்பையில் மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்தால் கேட்வே எதிரே மறுபடி பாய்மரங்கள் தெரிய ஆரம்பிக்கும். ஜூனில் கரையேறிய படகுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறங்கும். அந்த நாட்களில் நம்ம ஊர்ப் படகுக்காரர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே புகார்தான்: "அண்ணே, ஷாஃப்ட் வழியா தண்ணி சொட்டுது, வந்து டைட் பண்ணிக் குடுங்க."

சொட்டட்டும் என்றுதான் சொல்வேன். எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் சுழல்தண்டுதான் ஷாஃப்ட். அது படகின் அடிப்பாகத்தைத் துளைத்து வெளியே போகும் இடத்தில் தண்ணீரை மறிப்பது கிளாண்ட். அதற்குள் நார்க்கயிற்றாலான பேக்கிங், மூன்று நான்கு வளையங்களாக ஷாஃப்டைச் சுற்றி இருக்கும். அந்தப் பேக்கிங்கைக் குளிர வைப்பதே கசிந்து வரும் கடல் தண்ணீர்தான். ஊரில் பழைய பம்புசெட் ஓடும்போது கிளாண்டில் சொட்டுமே, அதே கதை. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். எஞ்சினை நிறுத்தினால் அதுவும் நின்றுவிட வேண்டும், அல்லது எப்போதாவது ஒரு சொட்டு.

ஆனால் பில்ஜ், அதாவது தண்ணீர் சேரும் படகின் அடிவயிறு, காய்ந்து கிடந்தால்தான் முதலாளிக்குத் திருப்தி. அதனால் படகில் வேலை பார்க்கும் கலாசி வாராவாரம் ஸ்பேனரை எடுக்கிறார். இறுக இறுக பேக்கிங் சூடாகி, கருகி, கெட்டிப்படும். கெட்டிப்பட்ட பேக்கிங் ஷாஃப்டில் பள்ளம் போடும். பள்ளம் விழுந்துவிட்டால் புதுப் பேக்கிங் போட்டாலும் ஒழுகும், மறுபடி இறுக்குவார். பேக்கிங் கயிற்று விலையில் முடிய வேண்டிய வேலை, ஷாஃப்டையே கழற்றி மாற்றுவதில் போய் நிற்கும்.

சரி, எவ்வளவு இறுக்கலாம்? இருபது நிமிடம் எஞ்சினில் ஓட்டிவிட்டு, நிறுத்தி, கிளாண்டின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் நட்டைத் தளர்த்துங்கள். அதிகமாக ஒழுகினால் எட்டில் ஒரு சுற்று இறுக்கி, மறுபடி ஓட்டிப் பாருங்கள். இறுக்கியும் அடங்காவிட்டால் பேக்கிங் தீர்ந்துவிட்டது. பழையதைத் துளிகூட விடாமல் தோண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும். வளையங்களின் வெட்டு முனைகள் ஒன்றுக்கு நேராக ஒன்று வரக் கூடாது. பழையதன் மேலேயே ஒரு வளையத்தைத் திணித்துவிட்டுக் கூலி வாங்கிப் போகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன்.

அடிக்கடி பேக்கிங் தேய்கிறது என்றால் குற்றம் கிளாண்டில் இல்லை, அலைன்மென்டில், அதாவது எஞ்சினும் ஷாஃப்டும் நேர்க்கோட்டில் இல்லாததில், இருக்கலாம். இரண்டையும் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகளான கியர்பாக்ஸ் கப்ளிங்கும் ஷாஃப்ட் கப்ளிங்கும் முகத்தோடு முகம் சமமாக உட்கார வேண்டும். நான்கு அங்குலக் கப்ளிங்கில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடைவெளி வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. போல்ட்டைக் கழற்றி, மேலே, கீழே, இரு பக்கமும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். ஷாஃப்டை அரைச் சுற்று திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். அகன்ற இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்டோடு சேர்ந்து நகர்ந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் கோணல்.

இதைக் கரையில் வைத்துச் செய்து கொடுத்துவிட்டு "முடிஞ்சுது சார்" என்றால் நம்பாதீர்கள். ஸ்டாண்டின் மேல் நிற்கும்போது படகு ஒரு வடிவம், தண்ணீரில் மிதந்து, பாய்மரக் கம்பிகள் இறுகிய பின் வேறு வடிவம். இறக்கி ஓரிரு நாள் கழித்து அளப்பதுதான் அளவு.

அதிர்வு வந்தால் முதலில் நியூட்ரலில் வைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால் எஞ்சின் அல்லது அதன் மவுன்ட். கியர் போட்டால் மட்டும் ஆடினால் பின்பக்கக் கோளாறு. திடீரென்று ஆரம்பித்ததா? நம் துறைமுகத் தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் பையோ வலைத்துண்டோ புரொப்பெல்லரில் சுற்றியிருக்கும். நாளாக நாளாக ஏறிய அதிர்வு என்றால் ஷாஃப்டைப் புரொப்பெல்லர் பக்கம் தாங்கும் கட்லஸ் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். ரப்பர் உள்ள அந்த பேரிங்குக்கும் தண்ணீர்தான் எண்ணெய். இங்கே தண்ணீர் முழுக்கச் சேறு என்பதால் சீக்கிரம் தேயும். படகு கரையில் இருக்கும்போது புரொப்பெல்லர் பக்கம் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினால் தெரிந்துவிடும். ஓர் அங்குல ஷாஃப்டில் ஒன்றரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் மாற்றிவிடுங்கள்.

மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்கென்றே ஷாஃப்டில் மாட்டிய துத்தநாகத் துண்டான ஆனோடு பாதி கரைந்ததும் மாற்றுங்கள், முழுதும் கரையட்டும் என்று காத்திருந்தால் அடுத்து கரைவது புரொப்பெல்லர். கிளாண்டைத் தாங்கும் ஹோஸின் கிளாம்ப்களில் காந்தம் வைத்துப் பாருங்கள். பலவற்றில் பட்டை நல்ல ஸ்டெயின்லெஸாக இருக்கும், காந்தம் ஒட்டும் திருகு மட்டும் சாதா இரும்பாக இருக்கும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்ப் வேண்டும். அந்த ஹோஸ் பிடுங்கிக்கொண்டால் பில்ஜ் பம்பு ஈடு கொடுக்காது.

பேக்கிங்குக்குப் பதிலாகச் சொட்டே விழாத சீல் போட்டவர்களுக்குக் கிளாண்ட் நட்டு என்ற பேச்சே இல்லை. ஆனால் படகை இறக்கியதும் எஞ்சினைப் போடுவதற்கு முன் அதன் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை (பெல்லோஸ்) கையால் பின்னுக்கு அழுத்தி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றி, தண்ணீர் பீய்ச்சி வருவதைப் பார்க்க வேண்டும். காற்று நிற்கும் சீல் காய்ந்தபடி ஓடிச் சீக்கிரமே கெட்டுப்போகும். காற்றுக்கென்று தனிக் குழாய் வைத்த மாடல்களில் இந்த வேலை இல்லை.