மட்டி இருந்தா ஆறு நல்லா இருக்குன்னு அர்த்தமா?

அமெரிக்காவுல டெலவேர் ஆத்துப் பக்கம் சாதாரண சனங்க ஓடையில இறங்கி மட்டி தேடுறாங்களாமே, எதுக்குன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். "மட்டி இருந்தா தண்ணி சுத்தம்"னு ஒரே வரியில சொல்லிடலாம்தான், ஆனா அது பாதி உண்மை.

மட்டி மணல்ல பாதி புதைஞ்சு கிடந்து, தண்ணிய உள்ள இழுத்து பாசிய வடிகட்டித் தின்னுட்டு மிச்சத்த வெளிய விடும். சாக்கடை வந்தாலும் சேறு வந்தாலும் எழுந்து ஓட முடியாது, அதனால ஆத்துக்கு என்ன நடந்தாலும் முதல்ல அது தலையிலதான் விடியும். இதெல்லாம் ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க.

எனக்குப் பிடிச்சது அது குட்டி வளக்குற கதை. லார்வா ஒவ்வொண்ணும் பொடி மணல் அளவுதான், ஏதாவது ஒரு மீனோட செவுள்ல கவ்வி ஒட்டிக்கிட்டாதான் பிழைக்கும், அதுவும் எந்த மீன்னாலும் ஆகாது. யெல்லோ லாம்ப்மசல்னு ஒரு மட்டி என்ன பண்ணுது தெரியுமா, ஓட்டுக்கு வெளிய தன் சதையவே குட்டி மீன் மாதிரி நீட்டி ஆட்டுது, அதுல கண்ணு மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி வேற! இதுக்கோ கண்ணே கிடையாது, தான் எதக் காப்பியடிக்குதுன்னு பாத்ததே இல்ல. இரை சிக்கிருச்சுன்னு பெரிய மீன் வந்து கடிச்சா வாய் நிறைய லார்வா. செவுள்ல ஒட்டினதச் சுத்தி மீனோட தோலே வளந்து மூடிக்கும், சில வாரம் கழிச்சு குட்டி மட்டியா மாறி வேற எங்கயோ உதிரும். நடக்கத் தெரியாத சீவன் ஆத்துல எதிர்த்திசையில ஊர் மாறுறது இப்படித்தான்.

அங்க அதிகமா கிடைக்கிற ஈஸ்டர்ன் எலிப்டியோ மட்டிக்கு முக்கியமான மீன் விலாங்கு. டெலவேர் பெரிய ஆத்துக்குக் குறுக்க அணையே இல்ல, கடல்லேர்ந்து விலாங்கு மேல ஏறி வந்துரும். பக்கத்துல சஸ்குவஹானா ஆத்துல 1928ல கோனோவிங்கோ அணை கட்டினாங்க, விலாங்கு கீழயே நின்னுருச்சு. மேல இருந்த மட்டி உடனே சாகல, பல வருஷம் வாழ்ற சாதியாச்சே, ஆனா குட்டி குறைஞ்சு கிழடுங்கதான் மிஞ்சுச்சு. எட்டிப் பாத்தா ஆறு நிறைய மட்டி இருக்குற மாதிரிதான் தெரியும்.

அதனால சர்வேல எத்தன மட்டிங்கிறத விட என்ன சைஸ்ங்கிறது முக்கியம்னு நான் சொல்லுவேன். பார்ட்னர்ஷிப் ஃபார் தி டெலவேர் எஸ்சுவரிங்கிற அமைப்பு தன்னார்வலர்களுக்கு இனம் பிரிக்கக் கத்துக்குடுத்து அவங்கவங்க ஊர் ஓடைக்கு அனுப்புது. இந்த வேலைக்கு வழக்கமான சாமான் அடியில கண்ணாடி வச்ச ஒரு பக்கெட், அத தண்ணியில அழுத்திக்கிட்டு குனிஞ்சே நடக்கணும். விவரம் தெரிஞ்சவங்க முதல்ல கரையத்தான் பாப்பாங்க, ஏன்னா மஸ்க்ராட்னு ஒரு பெருச்சாளி சைஸ் பிராணி மட்டியத் தின்னுட்டு ஓட்டக் குவியலாப் போட்டிருக்கும், நமக்கு இலவச சாம்பிள். உயிரோட இருக்குறத எடுத்த இடத்துலயே திருப்பி வச்சிடணும்.

இத சம்பளம் குடுத்து ஆள் போட்டுச் செய்யக் கூடாதான்னா, செய்யணும். புது மெஷின் வாங்கக் காசு குடுக்குறவங்க, வருஷா வருஷம் அதே ஓடைய எண்ணக் குடுக்க மாட்டாங்க, எனக்கு அதுதான் எரிச்சல். 2023 அக்டோபர்ல அமெரிக்க அரசு அழிஞ்சு போச்சுன்னு அறிவிச்ச 21 இனத்துல 8 மட்டி. கோனோவிங்கோவுல இப்ப குட்டி விலாங்க அணைக்குக் கீழ புடிச்சு வண்டியில ஏத்தி மேல கொண்டு போய் விடுறாங்க, அது பலிக்குதான்னு தெரியணும்னாலும் யாராவது தண்ணியில இறங்கி நகத்தளவு மட்டியத் தேடித்தான் ஆகணும்.